கூடி நிற்கலாமா, அண்ணே?



போன மாதம் ஈப்போவில் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் முடித்த ஒரு தங்கை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "அண்ணே, எங்க பாட்டி இருக்கிற லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு. நாங்க எல்லாரும் அட்டை புடிச்சு ஆபீஸ் முன்னால நிக்கலாமா? போலீஸ் புடிச்சிட்டுப் போயிருமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை நான் தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா அம்மா இருவருக்கும் பால்வெட்டு வேலை. 1996-இல் தோட்டம் கைமாறியது. வீடுகளைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. பெரியவர்கள் பெரட்டுக்களத்தில் கூடிப் பேசினார்கள். சனிக்கிழமை காலை ஆபீஸ் முன்னால் அமைதியாக நின்று மாற்று வீடு கேட்பது என்று முடிவானது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. முதல் நாள் இரவு அப்பாவிடம், "வேணாம்பா. போலீஸ் வந்தா உள்ள வச்சிருவாங்க. என் படிப்பும் போயிரும்" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் போகவும் இல்லை. எங்களைப் போலவே எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் தடுத்திருக்க வேண்டும். அறுபது குடும்பத்தில் பதினொரு பேர்தான் போய் நின்றார்கள். போலீஸ் வரவே இல்லை. ஆபீஸில் இருந்தவர் சொன்ன பதில் மட்டும் தோட்டம் முழுக்கப் பரவியது: "வந்தவங்க பதினொரு பேரு. அப்ப மத்தவங்களுக்குச் சம்மதம்தானே?"

பயந்துதான் வீட்டில் இருந்தோம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

அன்று எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவைத் தடுத்திருக்க மாட்டேன். நீங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த மாதப் பாடத்தை எழுதுகிறேன்.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது: கருத்தைப் பேசவும் வெளிப்படுத்தவும் உரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. நம் இளைஞர் இயக்கமே அந்த மூன்றாவது உரிமையில்தான் நடக்கிறது. ஆனால் இவை எல்லையற்றவை அல்ல. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. எதுவரை கட்டுப்பாடு, எங்கிருந்து அடக்குமுறை? சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வி நம்மோடு இருக்கிறது. அதற்கு ஒரு பாடம் ஈப்போவின் பக்கத்திலேயே நடந்தது.

புக்கிட் மேரா மக்கள்

ஈப்போவுக்கு அருகே உள்ள புக்கிட் மேராவில் 1982-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சும் மோனசைட் மணலிலிருந்து அரிய தாதுக்களைப் பிரிப்பது அதன் வேலை. கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அந்தக் கழிவைப் பாப்பானில் கொட்ட ஏற்பாடு நடந்தபோது, 1984-இல் அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் ஈப்போ உயர் நீதிமன்றம் தொழிற்சாலைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

1987-இல் தொழிற்சாலை மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஏப்ரல் மாதம் ஏறக்குறைய 10,000 பேர் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். செப்டம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது ஊர்மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து நீதிமன்றத்தின் வெளியே நின்றார்கள். அந்த ஊரில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி ராமன், ஒரு தமிழ்ப் பெண். "அது சீனர் பிரச்சினை, நமக்கென்ன?" என்று அவர் ஒதுங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1987 அக்டோபர் 27-இல் ஓப்பராசி லாலாங் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைதானார்கள். மீனாட்சி ராமனும் புக்கிட் மேரா போராட்டக்காரர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். மூன்று நாளிதழ்களின் உரிமமும் பறிபோனது. கூடும் உரிமை போனால் பேசும் உரிமையும் சேர்ந்தே போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் வழக்கு நின்றுவிடவில்லை. 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, தொழிற்சாலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி பார்த்தால் மக்கள் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியில் தொழிற்சாலையே தன் வேலையை நிறுத்திக்கொண்டது! பத்தாண்டுகளாக மனு, வழக்கு, ஊர்வலம் என்று மூன்றையும் விடாமல் பிடித்திருந்த மக்களை எதிர்கொண்டு அதனால் தொடர முடியவில்லை. ஒருநாள் கூச்சல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இது நடந்திருக்குமா?

கமுந்திங் நினைவு

நம் சமூகத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராப் அழைப்பை ஏற்று கோலாலம்பூரில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். பேராக் தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுப்பது நோக்கம். அந்தக் காலச் சட்டப்படி போலீஸ் பெர்மிட் வேண்டும், அது கிடைக்கவில்லை. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தன. டிசம்பர் 13-இல் ஐந்து தலைவர்கள் விசாரணையின்றிக் கைதாகி, தைப்பிங் அருகே உள்ள கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசி மூவர் 2009 மே மாதம்தான் வெளியே வந்தார்கள். அவர்களின் எல்லாக் கருத்தையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பேசியதற்காக ஒருவரை விசாரணையில்லாமல் அடைக்கலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடிமகனும் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

இன்றைய சட்டம்

2012-இல் வந்த அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி பெர்மிட் வேண்டாம். மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முதலில் 10 நாள் என்று இருந்தது, 2019 திருத்தத்தில் 5 நாளானது. அறிவிப்புக் கொடுக்காத ஏற்பாட்டாளருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக அறிவிப்பே கொடுக்காமல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டிச் சொன்னால் போக்குவரத்தும் பாதுகாப்பும் ஒழுங்காக இருக்கும். ஏற்பாட்டாளருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இப்படிப்பட்ட பேரணிக்கு அழைத்துப் போகக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடம் போன்றவற்றிலும் அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது.

பேச்சுக்கும் எல்லை உண்டு. 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் எழுதுவதற்கும் சட்டம் உண்டு. சட்டத்தை விடுங்கள், நம் தர்மம் என்ன சொல்கிறது? வள்ளுவர் வாய்மைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். "யாரோ அனுப்பினாங்க, நானும் அனுப்பினேன்" என்பது வாய்மை ஆகாது. நம் கோயிலுக்காகப் பேசும்போது பிறர் மதத்தை இழித்துப் பேசினால், நியாயமான கோரிக்கையை நாமே கெடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. நமக்குப் பிடிக்காத கருத்துக்காகவும் நாளை ஒரு கூட்டம் கூடும். அவர்களுக்கும் அதே 10-ஆவது பிரிவுதான். அவர்கள் அமைதியாக நின்றால் நிற்க விடுவதுதான் ஜனநாயகம். நமக்கு மட்டும் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, சலுகை.

தங்கைக்குச் சொன்ன பதில்

"நிக்கலாம் தங்கச்சி. ஆனா அட்டை எழுதறதுக்கு முன்னால மூணு வேலை இருக்கு" என்றேன். ஒன்று, நோட்டீஸையும் பாட்டியின் பழைய சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது. இரண்டு, என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, எல்லாக் குடும்பமும் கையெழுத்திட்டு, நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் கொடுப்பது. மூன்று, பதில் வராவிட்டால் போலீஸுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கூடுவது. யாராவது சீண்டினாலும் கை ஓங்காத, கல் தொடாத ஆட்களை முன்வரிசையில் நிறுத்துவது.

போன வாரம் நம் பிள்ளைகள் ஐந்து பேர் அவளோடு லயத்துக்குப் போனார்கள். முதல் வேலை முடிந்தது, இரண்டாவது நடக்கிறது. முடிவு எப்படி வரும் என்று தெரியாது. பாட்டி மட்டும் கேட்டாராம்: "நான் நின்னா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?" என் அப்பா அன்று கேட்காமல் விட்ட கேள்வி அது. கூட வேண்டிய நாள் வந்தால் நானும் போய் நிற்பேன்.

வகுப்பில் பேச:

1. உங்கள் வீட்டில் யாராவது பயந்து பேசாமல் இருந்த சமயம் உண்டா? அதனால் யாருக்கு லாபம்?

2. புக்கிட் மேரா மக்கள் ஊர்வலம் மட்டும் போயிருந்தால், அல்லது வழக்கு மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. உங்களுக்குச் சிறிதும் பிடிக்காத ஒரு கருத்தைச் சொல்லுங்கள். அதைச் சொல்பவர்கள் உங்கள் ஊர்த் திடலில் அமைதியாகக் கூடினால் என்ன செய்வீர்கள்?