தவணை தவறவில்லை, கடன் ஏன் நீள்கிறது?

"ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். 20 வருடக் கடன் எப்படி 29 வருடமானது?" வீட்டுக்கடன் வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி இது. பதறாதீர்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 2023 ஜூலையில் அது 5.25–5.50 சதவீதத்தைத் தொட்டது. அங்கேயே நல்ல வட்டி கிடைத்தால் வெளிநாட்டு முதலீடு இந்தியா போன்ற நாடுகளிலிருந்து கிளம்பும், ரூபாய் சரியும், இறக்குமதிச் செலவு ஏறும். உள்நாட்டு விலைவாசியும் சேர்ந்து நெருக்கியதால், ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்கு அது தரும் குறுகியகாலக் கடனின் வட்டி) 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. அதனால் உயர்வு நேராக உங்கள் கணக்கில் இறங்கியது.

30 லட்சம் ரூபாய், 7 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். கடன் புதிதாக இருக்கும்போதே வட்டி 8.5 ஆகி, தவணை மாறாமல் இருந்தால், கட்டி முடிக்க 29 வருடம் பிடிக்கும். 9.5 ஆனால் 30 லட்சத்துக்கு மாத வட்டியே 23,750. தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் வளரும். கணக்கு அறிக்கையில் (ஸ்டேட்மென்ட்) அசல் பத்தியைப் பாருங்கள். அது நகரவில்லை என்றால் அதுதான் அறிகுறி.

தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வட்டி மாறும்போது வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு இது. எழுத்தில் கேளுங்கள். முடிந்தவரை தவணையைக் கூட்டுவதே நல்லது என்பேன். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள்; தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

தனிநபர் கடன் (பர்சனல் லோன்) வாங்கி வீட்டுக்கடன் தவணை கட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஈடில்லாத அந்தக் கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் விதி இறுகியது. அதாவது 100 ரூபாய்க் கடனை 125 ரூபாயாகக் கணக்கிட வேண்டும். அதனால் வங்கிகள் வட்டியை ஏற்றலாம், மனுவைத் தள்ளுபடி செய்யலாம். அங்கே மறுக்கப்பட்டவர்கள் கடன் செயலிகளிடமும் கந்துவட்டிக்காரர்களிடமும் போய் நிற்பதுதான் எனக்குப் பெரும் கவலை.

2025 பிப்ரவரி முதல் ரெப்போ இறங்கத் தொடங்கியது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு எந்தத் தேதியில் வந்தது என்று கிளையில் கேளுங்கள். ரெப்போவோடு கட்டப்படாத பழைய முறைக் கடன் என்றால், ரெப்போவுக்கு மாற எவ்வளவு கட்டணம் என்பதையும் கேட்டு வாருங்கள்.