சாம்பலுக்கு நடுவே ஒரு கச்சேரி

கேள்வி: நண்பர்கள் சனிக்கிழமை மாலைகளில் கூடி, பழைய ராக் வீடியோக்களைப் போட்டுப் பார்த்து மார்க் கொடுக்கிறோம். எங்கள் ஏரியா வீடியோ ஏதாவது இந்தப் போட்டியில் நிற்குமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாக நிற்கும். டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ 2017 ஜனவரியில் வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ராக் அல்ல, கர்நாடக இசைதான். ஆனால் வரிகள் மெட்ராஸ் பேச்சில்; பாட்டு தொடங்குவது ஆனந்தபைரவி ராகத்தில். சபா மேடைக்குப் பதில் எண்ணூர்க் கழிமுகத்தின் திறந்தவெளி, பின்னால் அனல்மின் நிலையம்.

இதற்கு ஜோடியாகப் பிங்க் ஃப்ளாய்டின் பாம்பெய் படத்தைப் போடலாம். 1971 அக்டோபரில், ரசிகர் கூட்டமே இல்லாத பழைய ரோமானிய அரங்கில் அவர்கள் வாசித்தார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர் அது. இங்கே எண்ணூரில், கொசஸ்தலையாற்றில் கலப்பது நிலக்கரிச் சாம்பல். இரண்டிலும் இடமும் சேர்ந்து வாசிக்கிறது.

கிட்டார் இல்லாமல் மனசு ஆறாதென்றால், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இருக்கிறது. திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. வடசென்னை கானாவும் ராக்கும் ராப்பும் அதில் ஒன்றாக ஒலிக்கின்றன.

மார்க் போடும்போது பட்ஜெட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குயீனின் ‘போஹிமியன் ராப்ஸடி’ வீடியோ 1975இல் நாலே மணி நேரத்தில் படமானது. இசைக்கு ஐந்து, காட்சிக்கு ஐந்து எனப் பிரித்துப் போட்டால் சண்டையும் குறையும்.