சீலப் பாடம்: வலிய வண்டியும் மெதுவான ஓட்டமும்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வேகத்திற்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சாலையிலே மெதுவாகச் செல்லுகின்றது. பின்னே வருபவர்க்குச் சினம் பொங்குகின்றது. "இத்தனை வலிமையுள்ள வண்டியை வைத்துக்கொண்டு கட்டைவண்டி போல் உருட்டுகிறானே! இது நம் கையில் இருந்தால் எப்படிப் பறக்கும்!" என்று பல்லைக் கடிக்கின்றார், ஹாரனை விடாமல் அழுத்துகின்றார், இடைவெளியின்றி நெருக்குகின்றார். இச்சினம் எங்கிருந்து பிறக்கின்றது, அது தகுமா, அதனைத் தணிக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வோம். நம்மவரிற் பலர் டாக்சியும் ஆட்டோவும் லாரியும் ஓட்டிப் பிழைப்பவர். ஏனையோர் அதே சாலைகளின் ஓரத்தில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் வேலைக்குச் செல்பவர். ஆதலின் இது செல்வர் வீட்டுக் கதையென்று ஒதுக்கத்தக்கதன்று.

வலிமை என்பது யாது?

1983ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800 காரை அறியாதார் இலர். அதன் எஞ்சின் 796 சி.சி. அளவும் மூன்று சிலிண்டர்களும் உடையது. ஆற்றல் ஏறக்குறைய 40 குதிரைத்திறன். இத்தாலி நாட்டு லம்போர்கினி நிறுவனம் 2011இல் வெளியிட்ட அவென்டடார் என்னும் காருக்கோ பன்னிரண்டு சிலிண்டர்கள், 6.5 லிட்டர் எஞ்சின், 700 குதிரைத்திறன். அது மணிக்கு 350 கிலோமீட்டர் செல்லவல்லது.

பார்ப்பவர் மனம் உடனே ஒரு கணக்குப் போடுகின்றது. வலிமை பதினேழு மடங்காயின் வேகமும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும் என்பதே அக்கணக்கு. இது பிழையாகும். வேகம் ஏற ஏறக் காற்றின் தடை மிகுகின்றது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுத் தடையை வெல்வதற்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே அந்த 700 குதிரைத்திறனில் பெரும்பகுதி 200, 300 கிலோமீட்டர் வேகங்களுக்கென அமைந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகச் செல்லுங்கால் அதில் மிகச் சிறு பகுதியே செலவாகும்; எஞ்சியது வாளாவிருக்கும். வண்டிக்கு அதனால் குறைவொன்றுமில்லை.

மெதுவாகச் செல்வதற்குரிய காரணங்கள்

முதலாவது, வண்டியின் தாழ்வு. இவ்வகைக் கார்களின் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இடைவெளியே உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவின்படி அமைத்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. அதனை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும் என்பது விதி. நம் தெருக்களில் அளவுக்கு மிஞ்சி எழுப்பப்பட்ட மேடுகளோ எண்ணிறந்தன. நாம் எளிதாய் ஏறி இறங்கும் மேட்டில் அவ்வண்டி அடிவயிறு உரசி நிற்கும். முன்பகுதியைச் சற்றே உயர்த்தும் கருவி சிலவற்றில் உண்டெனினும் அதுவும் குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும்.

இரண்டாவது, எஞ்சினின் பக்குவம். புதிய எஞ்சினைத் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் ஓட்டலாகாது. பழைய எஞ்சினாயினும் எண்ணெய் சூடேறும்வரை பொறுத்தல் வேண்டும். நூற்பாலையில் வேலை செய்தவர்க்கு இது புதிதன்று. ரிங் பிரேமில் புது ரிங்குகளை மாட்டினால் சில நாட்கள் வேகத்தைக் குறைத்தே ஓட்டுவர். அவசரப்பட்டால் ரிங் கெடும், நூலும் அடிக்கடி அறும். கதிர் எவ்வளவு வேகமாய்ச் சுழலவல்லது என்பதைக் கொண்டு ஒருவரும் வேகத்தை வைப்பதில்லை. நூல் எவ்வளவு தாங்கும் என்பதைக் கொண்டே வைப்பர்.

மூன்றாவது, மழை. அகன்ற டயர் உலர்ந்த சாலையை நன்கு பற்றும். ஆனால் தேங்கிய நீரின்மேல் ஏறினால் மிதந்து வழுக்கும் இயல்பு அகன்ற டயருக்கே மிகுதி.

நான்காவது, சட்டம். மும்பையில் 2009இல் திறக்கப்பட்ட பாந்த்ரா-வோர்லி கடற்பாலத்தில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அது 40 குதிரைத்திறனுக்கும் 80தான். 700 குதிரைத்திறனுக்கும் 80தான். அப்பாலத்தின் நீளம் 5.6 கிலோமீட்டர். 80இல் சென்றால் 4 நிமிடம் 12 நொடி. 60இல் சென்றால் 5 நிமிடம் 36 நொடி. முன்னே செல்பவர் மெதுவாகச் சென்றதனால் நாம் இழந்தது 1 நிமிடம் 24 நொடி மட்டுமே. அதன்பொருட்டு மூண்ட சினமோ வீடு சேர்ந்த பின்னும் மனைவி மக்கள்மேல் பாய்கின்றது.

இக்காரணங்களுள் ஒன்றும் இல்லை, தம் விருப்பத்தாலேயே அவர் மெதுவாகச் செல்லுகின்றார் எனக் கொள்வோம். அப்பொழுதும் நமக்கு விடை கூற அவர் கடமைப்பட்டவரல்லர்.

வெகுளியின் வேர்

தீவினைகள் பத்து என்றும், அவற்றுள் மனத்தைச் சார்ந்தவை மூன்று என்றும் மணிமேகலை வகுக்கின்றது. பிறர் பொருளை விழைதல், சினத்தல், பிழைபட்ட காட்சி கொள்ளுதல் என்பனவே அம்மூன்று. நாம் எடுத்துக்கொண்ட இச்சிறு நிகழ்ச்சியில் மூன்றும் ஒருங்கே நிற்பதைக் காண்க.

"இது நம் கையில் இருந்தால்" என்று எண்ணியவுடனே பிறர் பொருளின்மேல் மனம் சென்றுவிட்டது. அதனைக் களவாடவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதனை எவ்வாறு பயன்படுத்த வேண்டுமெனக் கட்டளையிடும் உரிமையை மனம் தானாக எடுத்துக்கொண்டது. "வலிமையுடையவன் அதனைக் காட்டியே தீர வேண்டும்" என்பது பிழைபட்ட காட்சி. இவ்விரண்டும் கூடிய இடத்தில் சினம் தானே மூளுகின்றது. இதே வேகத்தில் பழைய மாருதி ஒன்று முன்னே சென்றிருந்தால் நாம் இவ்வளவு சினந்திருப்போமா? சினந்திருக்கமாட்டோம். காலத்தாழ்வு இரண்டிலும் ஒன்றே. ஆகையால் சினத்திற்குக் காரணம் காலத்தாழ்வு அன்று, நம் எதிர்பார்ப்பே.

இன்னும் ஒன்று நினைக்கத்தக்கது. வலியவன் தன் வலிமையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் நாள்தோறும் கேட்பவர். ஊரிலும் ஆலையிலும் வலியவர் கை ஓங்கியபோதெல்லாம் அடிபட்டவர் எளியவரே. அங்ஙனமிருக்க, சாலையில் ஒரு வலிமை அடங்கிச் செல்லக் கண்டு நாமே அதனை இகழ்வது பொருந்துமோ?

குற்றம் எது?

மெதுவாகச் செல்வது எப்போதும் குற்றமற்றது என்று நாம் கூறவில்லை. முந்துவதற்குரிய வலப்பக்கத் தடத்தில் காரணமின்றி ஊர்ந்து பிறர் வழியை அடைப்பது தவறே. வேகத்திற்குப் பெயர்பெற்ற ஜெர்மனி நாட்டு நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு உச்ச வேகமே இல்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது அறிவுரை மட்டுமே. அந்நாட்டுச் சாலை விதியோ, தக்க காரணமின்றிப் போக்குவரத்துக்குத் தடையாகும் அளவு மெதுவாக ஓட்டலாகாது என்று கூறுகின்றது. அவ்விதி எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் பொதுவானது. வழியை அடைத்தலே குற்றம். அதனை வலிய வண்டி செய்தாலும் எளிய வண்டி செய்தாலும் குற்றம் ஒன்றே. இடப்பக்கத் தடத்தில் ஒழுங்காகச் செல்லும் ஸ்போர்ட்ஸ் காரின்மேல் ஒரு குற்றமுமில்லை.

வேகத்திற்குரிய இடம்

முழு வேகத்திற்கென அமைந்த களங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கௌதம புத்த நகர் மாவட்டத்தில் 2011இல் திறக்கப்பட்ட பந்தயக் களத்திற்குப் பகவான் பெயராலேயே புத்த் சர்வதேசக் களம் என்று பெயர். அதன் சுற்று 5.125 கிலோமீட்டர். 2011 முதல் 2013 வரை பார்முலா ஒன் பந்தயம் ஆண்டுதோறும் அங்கே நடந்தது. அப்பந்தயத்திலுங்கூட வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒழுங்கையில் நுழைந்தவுடன், பெரும்பாலான களங்களில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. என்னை? அங்கே வேலையாட்கள் நடமாடுகின்றனர். உலகின் மிக விரைந்த வண்டியும் மனிதர் நடக்கும் இடத்தில் அடங்கிச் செல்லுகின்றது. நம் தெருக்களோ முழுவதும் மனிதர் நடக்கும் இடங்களே.

வேகத்தின் விளைவு

வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்குமாயின், 100இல் வருவது 56 மீட்டர் சென்றே நிற்கும். கண் கண்டு கால் மிதிப்பதற்குள் கடக்கும் தூரம் இதற்குப் புறம்பு. ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கோ மிகக் கூர்மையானது. அது நின்ற இடத்தில் பாரமேற்றிய நம் டாக்சி நில்லாது. ஆதலின் அதனைப் பின்னின்று நெருக்குபவர் ஏனைய வண்டிகளை நெருக்குவதினும் பெரிய இடருக்கு ஆளாகின்றார்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவுக்கு மீறிய வேகத்தால் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. 2024ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பின்னிரவில் புனே நகரின் கல்யாணி நகரில் போர்ஷே கார் ஒன்று மோட்டார் சைக்கிளில் மோதியதில் இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். வலிய வண்டி மெதுவாகச் செல்லுகின்றதே என்று சினக்கும்போது அவ்விருவருடைய பெற்றோரை நினைவிற் கொள்ளுங்கள். கொல்லாமை நம் பஞ்ச சீலத்தில் முதலாவது. "வேகமாய்ப் போ" என்று பிறரை விரட்டுதலும் அச்சீலத்தைத் தளர்த்துவதேயாம்.

பயிற்சி

தம்மபதத்தின் 17ஆம் அதிகாரமாகிய கோதவர்க்கத்தில், எழும் சினத்தை அடக்குபவனுக்குத் தேரோட்டியே உவமையாக வைக்கப்பட்டிருக்கின்றான். வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு இதனினும் அண்மையான உவமை வேறில்லை. இம்மாதம் அவர்கள் மூன்று காரியங்கள் செய்து பழகுவாராக. முன்னே மெதுவாகச் செல்லும் வண்டியைக் கண்டவுடன் இடைவெளியை முதலில் பெருக்குக. ஹாரனில் கை வைக்குமுன் "அது வழியை அடைக்கின்றதா, நம் எதிர்பார்ப்பை மட்டும் அடைக்கின்றதா?" என்று ஒருமுறை வினவுக. வழியை அடைக்குமாயின் ஒருமுறை ஒலி எழுப்பி, இடம் கிடைத்தபின் வலப்பக்கமாக முந்துக. முந்தும்போது கடுஞ்சொல் கூறாதிருக்க.

வண்டி ஓட்டாதவர்க்கும் இப்பயிற்சி உண்டு. கற்றவன் பேசாதிருக்கின்றான், பணமுள்ளவன் எளிதாய் உடுத்துகின்றான், உடல்வலியுள்ளவன் சண்டைக்கு வாராதிருக்கின்றான். இவர்களைக் கண்டு "இருந்தும் என்ன பயன்?" என்று ஏளனம் செய்யும் பழக்கம் நம்மிடையே உண்டா என்று ஒவ்வொருவரும் ஆராய்ந்து, கண்டதை அடுத்த ஞாயிறு வகுப்பில் கூறுவாராக. பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்து பள்ளிக்குள்ள தூரத்தை 30 கிலோமீட்டர் வேகத்திலும் 50 கிலோமீட்டர் வேகத்திலும் கணக்கிட்டு, மிச்சமாகும் நிமிடங்களை எழுதி வருவாராக.