எஞ்சினின் இழுவைக் குறைவும் வால்வுக் காலக் கணக்கும்

செயல் சிறந்ததாயினும் காலம் தவறின் பயன் குன்றும். இவ்வுண்மை மாந்தர்க்கு மட்டுமன்றி எந்திரங்களுக்கும் பொருந்தும். பாரம் ஏற்றிய பெட்ரோல் வண்டியொன்று மேட்டில் ஏறத் திணறுகிறது; வேகமெடுத்த பின்னரோ தடையின்றி ஓடுகிறது. கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக் என ஒவ்வொன்றாக மாற்றிப் பொருளிழப்போர் பலர். குறை, வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்டில் இருக்கக்கூடும்.

சுழலும் தண்டின் புடைப்புகளால் பிற உறுப்புகளை இயக்கும் முறையை, தியார்பக்கரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல் ஜஸரி, 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் பொறியியல் நூலில் விளக்கியுள்ளார். இன்றைய கேம் ஷாப்டும் அவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழல, இஃது ஒருமுறை சுழலும். 40 பற்கள் கொண்ட கேம் சக்கரத்தில் ஒரு பல் பிசகினும், கிராங்க் கணக்கில் 18 பாகை வேறுபாடு நேரும்.

கேம் ஷாப்ட் பின்தங்கினால் உள்வால்வு தாமதமாக மூடும். மெதுவான சுழற்சியில், மேலெழும் பிஸ்டன் எரிகலவையின் ஒரு பகுதியைத் திறந்த வால்வின் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் அழுத்தம் குறைந்து இழுவை குன்றும். விரைவான சுழற்சியில் கலவை தன் உந்துவிசையாலேயே உட்புகுவதால் குறை மறைகிறது.

இதனைக் கண்டறியும் முறை வருமாறு:

1. எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். பற்றவைப்புப் பிழையாயின் அழுத்தம் குறையாது. கேம் பிசகாயின் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறையும்.

2. சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் கேம் மீதான ஐயம் வலுப்படும்.

3. முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொணர்ந்து, கிராங்க், கேம் சக்கரங்களின் குறிகளை ஒப்பிட வேண்டும். முடிவான சான்று இதுவே.

கேம் ஷாப்டால் இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பற்றவைப்பை மட்டும் சரிசெய்தல், நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. குறிகளைச் சரியாகப் பொருத்தியபின் எஞ்சினைக் கையால் இருமுறை சுழற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. சில எஞ்சின்களில் பிழையான பொருத்தத்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

வண்டியை ஒப்படைப்பவர் தம் பிழைப்பையே ஒப்படைக்கிறார். அளந்தறிந்து பழுது நீக்குதல் தொழிலறிவு மட்டுமன்று. அமானிதத்தைக் காக்கும் கடமையுமாகும்.