மயிற்பொறியும் மாதிரி விமானமும்

விண்ணிற் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன், தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கின்றான். அதன் விசையை வலப்புறம் திருப்பினால் மயில் மேலெழும். இடப்புறம் திருப்பினால் தரையில் வந்து அமரும். பகை சூழ்ந்த நாளில் தேவி அதன்மீது ஏறித் தப்பினாள். ஆயின், அந்நாளுக்கு முன்னரே அவள் அப்பொறியைச் செலுத்தப் பயின்றிருந்தாள் என்பது நாம் கருத்திற்கொள்ளத் தக்கது.

1898-ஆம் ஆண்டில் நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர், நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி வானொலி அலைகளாலேயே செலுத்திக் காட்டினார். அத்தகைய அலைகளே இன்று மாணவர் அமைக்கும் மாதிரி விமானங்களையும் இயக்குகின்றன. தேசிய மாணவர் படையின் வான் பிரிவில், விமான மாதிரி அமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதியாகவே உள்ளது. அத்தகைய விமானம் ஒன்றைத் தீங்கின்றி அமைக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

முதன்முதற் பழகுவோர்க்கு உரியது பயிற்சி விமானமே. போர் விமானத்தின் வடிவழகில் மயங்கி அதனைத் தேர்வோர் முதல் நாளிலேயே அதனை இழக்க நேரும். பயிற்சி விமானத்தின் இறக்கை உடலின் மேற்புறத்தே அமைந்திருக்கும். இரு நுனிகளும் சற்றே உயர்ந்திருக்கும். ஆதலின், ஒருபுறம் சாய்ந்தாலும் அது தானே நிமிரும் இயல்புடையது. பால்சா என்னும் மென்மரத்தாலோ நுரைப்பலகையாலோ இதனைச் செய்யலாம். இறக்கையை ஒட்டிவிடாமல் ரப்பர் வளையங்களாற் பிணைப்பது நன்று. தரையில் மோதும்போது வளையங்கள் நழுவி, இறக்கை முறியாமல் காக்கும்.

இனி, எடைச் சமன் இன்றியமையாதது. அரியாங்குப்பத்து ஆற்றில் தோணி செலுத்துவோர் சுமை முழுவதையும் ஒரு முனையில் குவிப்பதில்லை. குவித்தால் தோணி நிலைதவறும் என்பதை அவர் அறிவர். விமானத்திற்கும் இந்நெறி பொருந்தும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் இருபுறமும் விரல் நுனியால் தாங்கினால், விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மின்கலத்தை முன்னே நகர்த்துக. வாற்கனம் மிக்க விமானம் செலுத்துவோன் கைக்கு அடங்காது.

விமானத்தினுள் வானொலி ஏற்பி, மின்மோட்டார், மின்கலம், ‘சர்வோ’ எனப்படும் சிறு பொறிகள் ஆகியன இடம்பெறும். சர்வோக்கள் இறக்கை மடல்களையும், வால் மடலையும், தோணியின் சுக்கானை ஒத்த செங்குத்து மடலையும் அசைக்கும். லித்தியம் மின்கலம் சிறிதாயினும், தவறாகக் கையாண்டால் தீப்பற்றும். பெரும்பாலும் பயன்படும் வகையில், ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. உரிய மின்னேற்றியைக் கொண்டு, எரியாத தரைமீது வைத்து, அருகிலிருந்தே மின்னேற்றல் வேண்டும். உப்பிய கலத்தையும், உப்புநீரில் நனைந்த கலத்தையும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

வீட்டில் செய்யும் சோதனை யாவும் சுழல்விசிறியைக் கழற்றி வைத்தே செய்யப்பட வேண்டும். முதலில் கையிலுள்ள செலுத்தியை இயக்கி, பின்னரே விமானத்தின் மின்கலத்தை இணைக்க வேண்டும். முடிவில் மின்கலத்தைப் பிரித்த பின்னரே செலுத்தியை நிறுத்த வேண்டும். இம்முறை மாறின், விசிறி எதிர்பாராது சுழன்று விரல்களைச் சிதைக்கவும் கூடும். விமானத்தை வலப்புறம் சாய்க்கும்போது வலப்புற மடல் உயர்கின்றதா, வானொலித் தொடர்பு அற்றால் மோட்டார் தானே நிற்கின்றதா என்பவற்றையும் நோக்குக.

இத்துணையும் முடிந்த பின்னும், நினைத்த இடத்தில் பறக்கவிடுதல் முறையன்று. இலாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து அரியாங்குப்பம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. செயற்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இசைவின்றிப் பறக்கவிடலாகாது என்பது, இந்திய அரசு 2021-ஆம் ஆண்டில் வகுத்த டிரோன் விதிகளின் கட்டளை. ஆதலின், அரசின் வான்வெளி வரைபடத்தை ஆசிரியரோடு பார்த்து, பறக்கவிடத் தக்க திடலைத் தேர்க. மின்கம்பியும் தென்னையும் மக்கட் கூட்டமும் அங்கு இருத்தலாகாது. கடற்காற்று வலுக்கும் பிற்பகலை விடுத்து, காற்று அடங்கிய காலையில், காற்றை எதிர்நோக்கி விமானத்தை எழுப்புக. அது கண்பார்வையை விட்டு நீங்காதவாறு செலுத்துக.

ரைட் சகோதரர், 1903-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், மோட்டார் விமானத்தில் முதன்முதற் பறந்த காலம் 12 நொடிகளே. கடந்த தொலைவு 120 அடியே. அப்பன்னிரண்டு நொடிகளுக்காக அவர்கள் நான்கு ஆண்டுகள் பட்டமும் மோட்டாரில்லா விமானங்களும் செய்து சோதித்தனர்.

மாணவர்களே! திடலில் தோழர் அனைவரும் ஆவலோடு கூடியிருக்கும் வேளையில், ஒரு மடல் சரியாக அசையவில்லை என்பதை நீங்கள் காணக்கூடும். அப்பொழுது, பிறர் நகைப்பரே என்று நாணாது, “இன்று பறக்கவிடேன்” என்று சொல்லித் திரும்புவதே ஆண்மை. பழுது நீக்கி மறுநாள் வரலாம். பிறர்மீது விழுந்து விளைவித்த தீங்கை நீக்கல் அரிது. வானில் நிகழும் வெற்றி தரையிலேயே முடிவாகின்றது என்பதை மறவாதீர்கள்.

வினாக்கள்

1. பயிற்சி விமானம் சாய்ந்தாலும் தானே நிமிர்வது எதனால்?
2. செலுத்தியையும் மின்கலத்தையும் இயக்கும் வரிசை யாது? அது மாறின் நேரும் தீங்கு யாது?
3. ‘வானில் நிகழும் வெற்றி தரையிலேயே முடிவாகின்றது’ – இக்கூற்றை விளக்குக.