பழைய விளையாட்டும் புதிய பொறியும்

பழையன பேணுதல் என்பது பொருளைப் பூட்டிவைத்தலன்று. அதன் பயனைக் காத்தலாம். கணினி விளையாட்டுகளைச் சேகரிப்போர்க்கும் இது பொருந்தும் என நாம் கருதுகின்றோம்.

யப்பானிய நின்ரெண்டோ நிறுவனம் 1983இல் ‘பமிகொம்’ என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதன் அமெரிக்க வடிவத்துக்கென 1987இல் வந்த ‘லெஜெண்ட் ஒவ் செல்டா’ கசற்றினுள்ளே சிறு மின்கலம் ஒன்று உண்டு. ஆடுவோர் எய்திய நிலையை நினைவில் வைத்திருக்கத் துணைசெய்வது அதுவே. மின்கலம் ஓய்ந்தால் அந்நினைவு அழியும், விளையாட்டோ அழியாது. புதிய மின்கலம் பொருத்தி மீண்டும் முதலிலிருந்து ஆடலாம்.

2025 யூன் மாதத்தில் வெளிவந்த ‘சுவிட்ச் 2’ பொறியின் நிலை யாது? அதற்குரிய அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. திறவுகோல் மட்டுமே உண்டு. விளையாட்டை இணையத்தினின்று இறக்கிக்கொள்ளல் வேண்டும். இந்நிறுவனமே தன் முந்திய பொறிகளாகிய ‘வீ யூ’, ‘த்ரீ டி எஸ்’ என்பவற்றுக்கான இணைய விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது.

ஆதலின், புதியது வாங்குமுன் நாம் வினவத்தக்கது ஒன்றே: கையில் இருப்பது நூலா, நூலகத்தின் திறவுகோலா? நூலகம் மூடப்படின் திறவுகோலாற் பயன் என்னை?