கல் குத்தினால் நரம்பு திறக்குமா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் காதில் விழும் கைவைத்தியங்களுக்குக் கணக்கில்லை. அதில் முதலிடம் இதற்குத்தான்: "சுகர் காலா? செருப்பைக் கழட்டிட்டு நடங்க. கல்லு குத்தக் குத்த நரம்பு திறந்துக்கும்." சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கோ உள்ளங்கால் ஏற்கெனவே மதமதப்பு. கல் குத்துவதே தெரியாமல் 14 கிலோமீட்டரையும் சுற்றிவிட்டு வந்து, கால் லேசாகிவிட்டது என்கிறார்.

நடப்பது சர்க்கரைக்கு நல்லது, அதில் இரண்டு கருத்தில்லை. வம்பு வெறுங்காலில் இருக்கிறது. வகை 2 சர்க்கரையில் நரம்புக் கேடு பெரும்பாலும் உடம்பிலேயே நீளமான நரம்புகளின் நுனியில் தொடங்கும். முதலில் கால்விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று இரண்டு கால்களிலும் ஒரேபோல ஏறிவரும். நரம்பிழையும் அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன. கல்லால் குத்தித் திறப்பதற்கு அங்கே அடைப்பு எதுவும் இல்லை.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20,000 அடி வைக்க வேண்டும். சித்ரா பௌர்ணமி அன்று பகலில் கிளம்புகிறவருக்குக் காய்ந்த தார், லிங்கங்களின் சன்னதி முன்னால் எரிந்துகொண்டிருக்கும் கற்பூரம், உடைத்த தேங்காயின் ஓட்டுச் சில்லு எல்லாம் வழியில் உண்டு. உணர்ச்சியுள்ள கால் 'சுர்' என்றதும் தானாகத் தூக்கிக்கொள்ளும். மரத்த கால் அழுத்தி மிதித்துவிட்டுப் போகும். மறுநாள் காலை போர்வையில் கறையைப் பார்த்து வீட்டுக்காரம்மா கேட்கும்போதுதான் கொப்புளம் உடைந்த சங்கதியே தெரியவரும்.

இதை உலகத்துக்கு விளங்கவைத்த இடம் திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். விரலைத் தின்றது நோய் அல்ல என்று கண்டார். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தார்கள், ஆணி குத்திய செருப்போடு நடந்தார்கள், வலி தெரியாததால் புண்ணோடேயே வேலை செய்தார்கள். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தும் எழுந்திருக்கவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள் என்பது வேடிக்கைக் கதைபோலத் தோன்றலாம், நடந்ததுதான். மைக்ரோ செல்லுலார் ரப்பரில் மெத்தென்ற அடிப்பாகம் வைத்துத் தைத்த எம்.சி.ஆர். செருப்பும் வேலூர், கரிகிரிப் பக்கத்துத் தொழுநோய்ப் பணியில் வளர்ந்ததே. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அதே பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தியது. இன்று 'சுகர் செருப்பு' என்று கடையில் கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்தது.

எனவே பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கிரிவலம் போவதானால் மெத்தென்ற, பின்பட்டி வைத்த செருப்போடு போகலாம். புண் இருந்தால் ஆட்டோவில் சுற்றலாம். அண்ணாமலையார் செருப்புக் கணக்குப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகமம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

"எனக்குத்தான் காலில் வலியே இல்லையே" என்பது அடுத்தது. சர்க்கரைக்காரர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். எரிச்சல், ஊசி குத்தல், ராத்திரியில் போர்வை பட்டாலே கூச்சம் என்று சிலருக்கு நரம்பு கூப்பாடு போடும். பலருக்குச் சத்தமே இல்லாமல் போய்விடும். நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியவில்லை, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் விளையாட்டாக விடாதீர்கள். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்தும், அதிரும் இசைக்கவையை வைத்தும் பார்ப்பார்கள். தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இதற்கென்றே வந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் மாத்திரை வாங்கப் போகும்போது காலை நீட்டிக் காட்டியிருப்பார்கள்?

இனி, "கால் ஓய்ஞ்சு போச்சா, சுகர்தான்." இது பாதி உண்மை. அதனாலேயே முழுப் பொய்யைவிட அதிகக் கெடுதல் செய்கிறது.

கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. குறுகலான வழியில் ஒருக்களித்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். சிலர் வந்ததும் சட்டென்று எழுந்துவிடுவார்கள். சிலர் தொடையில் கையை ஊன்றி, பக்கத்தில் நிற்பவரைப் பிடித்து எழுவார்கள். வயதும் மூட்டுவலியும் காரணமாக இருக்கலாம். ஆனால் போன மாதம் வரை தரையிலிருந்து எளிதாக எழுந்தவர் இப்போது முடியாமல் திணறினால், அது வழக்கமான சுகர் கால் அல்ல. வழக்கமான நரம்புக் கேடு பாதத்தில் உணர்ச்சியைத்தான் முதலில் பறிக்கும், தொடையின் பலத்தை அல்ல.

தொடையைத் தாக்கும் ஒரு சர்க்கரை நரம்பு நோயும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் புருன்ஸ் 1890இல் இதை விவரித்தார், பின்னாளில் இங்கிலாந்தின் கார்லண்ட் 'டயபெடிக் அமையோட்ரோபி' என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய, வகை 2 சர்க்கரை உள்ளவருக்கு வருகிறது. ஒரு பக்கத் தொடையிலோ இடுப்பிலோ கடுமையான வலி எடுக்கும். சில நாள், சில வாரத்தில் தொடை பலம் இழந்து சூம்பும், எடை மளமளவென்று குறையும். பிறகு மறு காலுக்கும் வரலாம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கும், இப்போதுதான் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவருக்கும்கூட வருவதால், "ரிப்போர்ட் நல்லா இருக்கே, வேற ஏதோ" என்று குழம்புவார்கள். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தேறும், முழுதாகத் தேறாமலும் போகலாம்.

அதே தளர்ச்சிக்கு முதுகுத் தண்டு நெருக்கம், தைராய்டு, பொட்டாசியம் குறைவு, கொழுப்பு மாத்திரை, மது என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. பலவற்றுக்கு மருந்து உண்டு. 'சுகர்தான்' என்று கதவைச் சாத்திவிட்டால் அவை வெளியே நின்றுவிடும். முகம் கோணி ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தாலும், தளர்ச்சி பாதத்திலிருந்து நாளுக்கு நாள் மேலே ஏறினாலும், கால் தளர்ச்சியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், உட்காரும் இடம் மரத்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக நரம்பு ஊசி. சிவப்பு மருந்தை ஏற்றிக்கொண்டால் கால் தெம்பாகும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் இருக்கிறது. அது வைட்டமின் பி12. குறைவு இருப்பவருக்கு அமிர்தம், இல்லாதவருக்குச் செலவு. வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரைகளும் எரிச்சலை அடக்குமே தவிர நரம்பைப் புதுப்பிக்காது. தூக்கமும் தள்ளாட்டமும் தந்து, கால் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைக்கவும் வைக்கும்.

"மெட்ஃபார்மின்தான் நரம்பைக் கெடுக்குது" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த மாத்திரை வருடக்கணக்கில் போகும்போது உடம்பில் பி12 குறையலாம் என்பது உண்மை. சைவச் சாப்பாட்டில் பால், தயிர் தவிர பி12 வர வழியில்லை என்பதால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதற்காகச் சொந்தமாக மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறி நரம்பு மேலும் கெடும். பி12 அளவைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. குறைந்திருந்தால் மெட்ஃபார்மினோடு சேர்த்தே பி12ஐயும் எழுதித் தருவார்கள். ஊசியை ஏற்றிக்கொண்ட பிறகு போனால் ரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டி, உண்மையான குறைவை மறைத்துவிடும். பரிசோதனை முதலில், ஊசி பிறகு.